வெடிப்பு அபாயம் உள்ள தொழிற்கூடங்களில் விளக்கு மாட்டுவது எப்படி: கொங்கு வட்டாரத்தில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தாலும் சரி, சொந்தமாக ஒரு சின்ன யூனிட் ஆரம்பித்தாலும் சரி, சீக்கிரமே ஒருவர் வந்து சொல்வார்: "அந்த ரூமுக்கு மட்டும் எஃப்எல்பி லைட் போட்டுருங்க." எஃப்எல்பி என்றால் ஃபிளேம்ப்ரூஃப், உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத விளக்கு. எந்த வாயுவுக்கு, எந்தத் தூசிக்கு, எந்த உயரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. கடையில் கனமாக இருக்கும் ஒரு வெல்கிளாஸ் ஃபிட்டிங்கை (கெட்டிக் கண்ணாடிக் கிண்ணம் உள்ள விளக்கு) வாங்கி, கையில் கிடைத்த கிளாண்டை (கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) போட்டு மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படி மாட்டிய விளக்கு பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல முடியாது. விளக்கு வாங்குவது இந்த வேலையில் நான்காவது படி. அதற்கு முன்னால் மூன்று படி இருக்கிறது. அதற்குப் பின்னால், பெரும்பாலான இடங்களில் கோட்டைவிடும் இரண்டு படிகளும் இருக்கின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

விளக்கு எப்படித் தீ மூட்டுகிறது

மூன்று வழி. சுவிட்சிலோ, ஹோல்டரிலோ, தளர்ந்த இணைப்பிலோ வரும் பொறி ஒன்று. விளக்கின் மேற்பரப்புச் சூடு இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்: பொறியே வராமல், சூடான கண்ணாடியோ உலோகமோ பட்டாலே சில ஆவிகள் தீப்பிடித்துக்கொள்ளும். கண்ணாடி உடைந்து உள்ளே இருப்பது வெளியே தெரிவது மூன்றாவது.

தூசி வெடிப்பு பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் விரிவான பதிவே ஒரு விளக்கைப் பற்றியதுதான். 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு மாவுக் கிடங்கு. ஒரு பையன் மாவை அள்ளிக்கொண்டிருந்தான். மேலே குவிந்திருந்த மாவு சரிந்து புகைபோல் எழும்பியது. சுவரில் தொங்கிய விளக்கு அதற்குத் தீ வைத்தது. வெறும் கோதுமை மாவு. பெட்ரோல் வேண்டியதில்லை, வெடிமருந்து வேண்டியதில்லை என்பதை நம் பக்கத்து மாவு மில்காரரும் ஸ்டார்ச் ஆலைக்காரரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் கூடத்தில் எது எரியும், எது வெடிக்கும்?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடங்கள். இருப்பதை எல்லாம் எழுதுங்கள்.

நம் வட்டாரத்தில் அடிக்கடி அகப்படுபவை இவை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரையும் எண்ணெயும். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டும்வரை பெரிய கவலை இல்லை. புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைச் சால்வென்ட் போட்டு எடுக்கும் ஆலை என்றால் கதையே வேறு, அங்கே ஓடுவது ஹெக்ஸேன் என்ற, எளிதில் தீப்பற்றும் திரவம். கரூரில் பஸ் பாடி கட்டும் கூடங்களிலும் திருச்செங்கோட்டில் லாரி, போர்வெல் வண்டி கட்டும் கூடங்களிலும் பெயின்ட், தின்னர். நாமக்கல்லில் கேஸ் டேங்கர் லாரிகள் நின்று பழுது பார்க்கும் இடங்கள், கோழித் தீவன மில்கள். சேலம், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் காய்ந்த ஸ்டார்ச் தூள். அதே ஆலைகள் சிலவற்றில் கழிவுநீரிலிருந்து வரும் பயோகேஸ். ஈரோட்டில் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் அரைக்கும் மில்கள். பொள்ளாச்சியில் நார்த்தூசி. கோவையில் அலுமினியம் வார்த்துத் தேய்த்து மெருகேற்றும் பட்டறைகளில் அலுமினியப் பொடி. இது தூசிகளிலேயே மிகவும் கடுமையான வகை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கறை எடுக்கும் மேஜைகளில் தெளிக்கும் சால்வென்ட். சில எரியும், சில எரியாது, டப்பாவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அப்புறம் எல்லா ஊரிலும் எல்லா ஆலையிலும் இருக்கும் பேட்டரி ரூம். யூபிஎஸ் பேட்டரியும் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். இதை ஆபத்தான அறை என்று பலர் நினைப்பதே இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் அதை விற்றவரிடம் எம்எஸ்டிஎஸ் என்ற பாதுகாப்புத் தகவல் தாளை வாங்குங்கள். அதன் ஒன்பதாவது பகுதியில் உங்களுக்கு வேண்டிய எண்கள் இருக்கும்: ஃப்ளாஷ் பாயின்ட் (பொறி பட்டால் பற்றும் அளவுக்குத் திரவம் ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை), தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலை, வெடிக்கும் அளவின் கீழ் எல்லை, ஆவி காற்றைவிடக் கனமா இலேசா என்பது. ஹெக்ஸேனை எடுத்துக்கொண்டால், அதன் ஃப்ளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 22 டிகிரி. அதாவது நம் ஊரில் எந்த மாதத்திலும், ஊட்டிக் குளிரில்கூட, அது எரியத் தயாராக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே போதும்.

இந்தியச் சட்டம் பெட்ரோலியப் பொருள்களை ஃப்ளாஷ் பாயின்ட்டை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது: 23 டிகிரிக்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி வகுப்பு, 65 முதல் 93க்குள் சி வகுப்பு. புத்தகத்தில் பி வகுப்பு என்று படித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். கரூர் பரமத்தியில் சித்திரை மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில் இன்னும் அதிகம். மினரல் டர்பன்டைன் போன்ற பி வகுப்புத் திரவம் அந்தச் சூட்டில் ஏ வகுப்பைப் போலவே நடந்துகொள்ளும்.

இரண்டாம் படி: எங்கே, எவ்வளவு நேரம்?

இனி கட்டட வரைபடம் ஒன்றில் வட்டம் போட வேண்டும். இதற்குப் பல நாடுகளில் வழங்கும் சர்வதேச முறை ஒன்று இருக்கிறது, இந்திய நிர்ணயமும் அதையே பின்பற்றுகிறது. வாயுவுக்கும் ஆவிக்கும் மூன்று மண்டலம். வெடிக்கும் கலவை எப்போதும் அல்லது வெகுநேரம் இருக்கும் இடம் ஜோன் 0. தொட்டியின் உட்புறம் மாதிரி. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது வரக்கூடிய இடம் ஜோன் 1. வழக்கமாக வராது, ஏதாவது கசிந்தால் கொஞ்ச நேரம் இருக்கும் என்ற இடம் ஜோன் 2. தூசிக்கும் இதே கணக்கில் 20, 21, 22.

இந்த வரைபடத்தை நீங்களே முடிவு செய்யக் கூடாது. பயிற்சி பெற்ற பாதுகாப்புப் பொறியாளரை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் அவருக்கு உண்மையான தகவலைக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. எந்த வால்வு கசியும், எந்த மூட்டை கட்டும் இடத்தில் தூள் பறக்கும், ராத்திரி ஷிப்டில் எந்தக் கதவைச் சாத்தி வைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும்.

இரண்டு விஷயத்தைக் கூர்ந்து கவனியுங்கள். முதலாவது, ஆவி எந்தப் பக்கம் போகும். ஹைட்ரஜன் நேராக மேலே ஏறிக் கூரையடியில் தங்கும், விளக்கு இருப்பதும் அங்கேதான். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். ஹெக்ஸேன் ஆவி சுமார் மூன்று மடங்கு. இவை தரையோடு ஊர்ந்து பள்ளம், கேபிள் கால்வாய், சாக்கடைக் குழி எல்லாவற்றிலும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் பேட்டரி ரூமில் உச்சி விளக்குக்குக் கவனம், கேஸ் இருக்கும் இடத்தில் கீழ்மட்ட விளக்குக்கும் குழி விளக்குக்கும் கவனம்.

இரண்டாவது, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் அடிக்கிற காற்றில் கூடம் முழுக்க வீசித் தள்ளும். அந்த நாளில் வந்து பார்த்தால் எந்த ஆவியும் நிற்காது என்றுதான் தோன்றும். புரட்டாசியில் இலை அசையாத ஒரு மதியத்தை நினைத்து மண்டலம் போடுங்கள். இயற்கைக் காற்றை நம்பினால் வருடத்தின் மிக மோசமான நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தூசிக்குக் கண்ணளவான ஒரு சோதனை உண்டு. தூசி வெடிப்பை ஆராய்ந்தவர்கள் சொல்வது: 25 வாட் பல்பு ஒன்றை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் தெரியாத அளவுக்குத் தூசி பறந்தால், அங்கே கன மீட்டருக்குச் சுமார் 40 கிராமுக்கு மேல் தூசி இருக்கிறது. அது வெடிக்கக்கூடிய அளவு. அந்த நிலையில் யாராலும் மூச்சு விட்டு வேலை செய்ய முடியாது என்பதால் திறந்த கூடத்தில் சாதாரணமாக இது வராது. சரக்கை மேலே ஏற்றும் எலிவேட்டருக்குள்ளும் சைலோவுக்குள்ளும், காற்றிலிருந்து தூசியைப் பிரிக்கும் சைக்ளோனுக்குள்ளும் எப்போதும் இருக்கும். ஆனால் உத்தரத்தின் மேலும் விளக்கின் தலையிலும் மெல்லிய படிவாகத் தேங்கியிருக்கும் தூசி, முதல் சிறு வெடிப்பில் மொத்தமாக எழும்பி இரண்டாவது வெடிப்புக்கு வழி வகுக்கும். கட்டடத்தைச் சாய்ப்பது அந்த இரண்டாவதுதான்.

பஞ்சு மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ளோ ரூமிலும் ஃபில்டர் ரூமிலும் பறக்கும் பஞ்சு மாவைப்போல் அவ்வளவு எளிதாக வெடிப்பதில்லை. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் தீ கூடம் முழுக்க ஓடிவிடும். நிர்ணயத்தில் இதற்குத் தனி வகை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: விளக்கு உள்ளேதான் இருக்க வேண்டுமா?

செலவும் கவலையும் ஒரே அடியில் குறைகிற படி இதுதான், ஆனால் இதை யோசிப்பவர்கள் குறைவு. பெயின்ட் பூத்துக்குள் விளக்கை மாட்டுவதற்குப் பதிலாக, சுவரிலும் கூரையிலும் கெட்டியான கண்ணாடி பதித்து, ஓரம் முழுக்க அடைத்து, விளக்கை வெளியே நிறுத்தி உள்ளே ஒளி பாய்ச்சலாம். சிறிய கெமிக்கல் ஸ்டோருக்கும் இது நன்றாகப் பொருந்தும். சுவருக்கு வெளியே இருப்பது மண்டலத்துக்கு வெளியே என்று பாதுகாப்புப் பொறியாளர் உறுதி செய்தால், அங்கே சாதாரண விளக்கே போதும்.

சுவிட்சையும் வெளியே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை தட்டும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி வரும் பொருள் அது. ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே இரண்டு மீட்டர் கூடுதல் கேபிள் இழுப்பதற்கு அப்படி என்ன செலவு ஆகிவிடும்?

இந்தப் படியிலேயே அறையில் இருக்கும் மற்ற மின்பொருள்களையும் பாருங்கள். விளக்கை எஃப்எல்பி ஆக்கிவிட்டுப் பக்கத்தில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், சிசிடிவி கேமரா, செல்போன் சார்ஜர் பிளக் இருந்தால் என்ன பயன்? மாவு மில், மசாலா மில்களில் நீல வெளிச்சம் காட்டும் பூச்சிக் கொல்லி விளக்கு ஒன்று தொங்கும். உயர் மின்னழுத்தத்தில் படபடவென்று பொறி அடிப்பதே அதன் வேலை. தூள் பறக்கும் அறையில் அதற்கு இடமே கிடையாது. பசை அட்டை வைக்கும் வகை கிடைக்கிறது, அதையும் மண்டலத்துக்கு வெளியே வையுங்கள்.

நான்காம் படி: லேபிளைப் படித்து வாங்குவது

இப்போது கடைக்குப் போகலாம். "எஃப்எல்பி தானுங்க, எவ்வளவு வெயிட்டு இருக்குன்னு பாருங்க" என்று கடைக்காரர் சொல்வார். எடை சான்றிதழ் ஆகாது. விளக்கின் ஜாதகம் அதன் உடம்பில் பொறித்த லேபிளில் இருக்கிறது. லேபிள் இல்லை, அல்லது காகித ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எஃப்எல்பி விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது வாயுவை உள்ளே வரவிடாமல் தடுப்பதில்லை. வாயு உள்ளே போகும், வெடிக்கவும் செய்யலாம். கனமான உடம்பு அந்த வெடிப்பைத் தாங்கும். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே மிகத் துல்லியமாகக் கடைந்த மெல்லிய இடுக்கு வழியாகச் சூடான வாயு வெளியே வரும்போது, உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியே இருக்கும் கலவை பற்றாது. 1815இல் ஹம்ஃப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்குச் செய்த கம்பி வலை விளக்கிலும் அடிப்படை இதேதான்: உலோகம் தீயின் சூட்டைத் திருடிக்கொண்டால் தீ அந்தப் பக்கம் தாண்டாது.

இதனால்தான் நீர் புகாத விளக்கும் எஃப்எல்பி விளக்கும் ஒன்றல்ல. ஐபி65, ஐபி66 என்பது தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான அளவு மட்டுமே. ஐபி66 தெருவிளக்கை ஹெக்ஸேன் இருக்கும் இடத்தில் மாட்டுவது தவறு.

லேபிளில் முதலில் எக்ஸ் (Ex) என்ற குறி இருக்கும். அடுத்து பாதுகாப்பு முறையின் எழுத்து. டி (d) என்றால் மேலே சொன்ன எஃப்எல்பி. இ (e) என்றால் பொறியும் அதிகச் சூடும் வராதபடி கூடுதல் கவனத்தோடு கட்டியது. எம் (m) என்றால் மின்பாகங்களைப் பிசினுக்குள் புதைத்தது. எல்இடி விளக்குகளில் இது அதிகம். இந்த எழுத்துகளோடு சேர்ந்து வரும் ஏ, பி, சி என்ற சிறிய எழுத்து பாதுகாப்பின் நிலையைக் காட்டும். பி என்றால் ஜோன் 1க்கும் 2க்கும் ஆகும், சி என்றால் ஜோன் 2க்கு மட்டும். ஜோன் 0க்குள் நிரந்தர விளக்கு என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து ரோமன் இரண்டும் ஓர் எழுத்தும். வாயுவின் குழு அது. ஐஐஏ என்பது புரொப்பேன், ஹெக்ஸேன், பெட்ரோல், பெரும்பாலான தின்னர் வகைகள். ஐஐபி என்பது எத்திலீன், ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஐஐசி என்பது ஹைட்ரஜன், அசிட்டிலீன். சி குழு விளக்கு மற்ற இரண்டுக்கும் ஆகும். ஏ குழு விளக்கு பேட்டரி ரூமுக்கு ஆகாது.

அப்புறம் வெப்ப வகுப்பு. டி1 (T1) என்றால் விளக்கின் மேற்பரப்பு அதிகபட்சம் 450 டிகிரி, டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. உங்கள் பொருள் தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலையைவிட இது குறைவாக இருக்க வேண்டும்.

குழுவையும் வெப்ப வகுப்பையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜனுக்குப் பொறி என்ற பேச்சே கூடாது, அதனால் ஐஐசி. ஆனால் சூட்டுக்கு அது அவ்வளவு எளிதில் மசியாது, 500 டிகிரிக்கு மேல் வேண்டும், டி1 போதும். ஹெக்ஸேன் இதற்கு நேர்மாறு. குழு ஐஐஏதான், ஆனால் சுமார் 225 டிகிரிச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், குறைந்தது டி3 வேண்டும். நம் வட்டாரத்தில் அகப்படும் பெரும்பாலான சால்வென்ட்டுகளுக்கு டி4 விளக்கு தாராளம்.

தூசிக்கு வேறு லேபிள். இங்கேதான் நம் ஊர்களில் அதிகம் தவறு நடக்கிறது. வாயுவுக்கு எழுதிய எஃப்எல்பி விளக்கை ஸ்டார்ச் ரூமில் மாட்டிவிடுகிறார்கள். தூசிக்கான விளக்கில் டிபி (tb) அல்லது டிசி (tc) என்ற எழுத்தும், ரோமன் மூன்றும் இருக்கும். ஐஐஐஏ பறக்கும் நாருக்கும் பஞ்சுக்கும். ஐஐஐபி மின்சாரம் கடத்தாத தூசிக்கு: ஸ்டார்ச், மாவு, சர்க்கரை, மஞ்சள் தூள். ஐஐஐசி மின்சாரம் கடத்தும் தூசிக்கு, அலுமினியப் பொடி மாதிரி. இந்த விளக்கு தூசியை உள்ளே விடாது, வெளிச்சூட்டையும் ஒரு எண்ணுக்குள் கட்டுப்படுத்தும். அந்த எண் டிகிரியாகவே லேபிளில் இருக்கும்.

எத்தனை டிகிரி வரை விடலாம் என்பதற்குக் கணக்கு சுலபம். உங்கள் தூசி மேகமாக இருக்கும்போது தீப்பிடிக்கும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு எல்லை. 5 மில்லிமீட்டர் படிவாக இருக்கும்போது தீப்பிடிக்கும் வெப்பநிலையிலிருந்து 75 டிகிரி கழித்தது இன்னொரு எல்லை. இரண்டில் எது குறைவோ அதற்குள் விளக்கு இருக்க வேண்டும். கணக்குக்காக மேகம் 390 டிகிரி, படிவு 300 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எல்லை 260, இரண்டாவது 225. விளக்கு 225ஐத் தாண்டக் கூடாது. 5 மில்லிமீட்டருக்கு மேல் தூசி படிய விட்டால் இந்தக் கணக்கே செல்லாது, ஏனென்றால் படிவு தடிக்கத் தடிக்கச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

லேபிளில் பலர் பார்க்காமல் விடும் இன்னொரு எண், சுற்றுப்புற வெப்பநிலை. எதுவும் எழுதாவிட்டால் அந்த விளக்கு 40 டிகிரி வரைக்கும்தான் சோதிக்கப்பட்டது என்று பொருள். ஐரோப்பாவுக்கு அது போதும். ஈரோட்டிலும் கரூரிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் போதாது. 50 அல்லது 55 டிகிரி என்று எழுதிய விளக்கையே கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் எண்ணின் கடைசியில் எக்ஸ் (X) என்ற எழுத்து இருந்தால் ஏதோ தனி நிபந்தனை இருக்கிறது, சான்றிதழைக் கேட்டுப் படிக்காமல் மாட்டாதீர்கள்.

சான்றிதழின் நகலை வாங்காமல் பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தன்பாத்தில் உள்ள சிஐஎம்எஃப்ஆர் (மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை இருக்கிறதா, பெட்ரோலியப் பொருள் இருக்கும் இடம் என்றால் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா, அதில் இருக்கும் மாடல் எண்ணும் விளக்கில் இருக்கும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மாட்டுவது

நல்ல விளக்கை வாங்கி மோசமாக மாட்டினால் சாதாரண விளக்குக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எஃப்எல்பி ஃபிட்டிங் கெட்டுப்போவது பெரும்பாலும் கேபிள் நுழையும் இடத்தில்தான்.

கிளாண்டும் அதே வகைச் சான்றிதழ் உள்ளதாக இருக்க வேண்டும். ஆர்மர்டு கேபிளுக்கு எஃப்எல்பி சான்று பெற்ற டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு. கேபிளின் சுற்றளவுக்குச் சரியான அளவு. பெரிய கிளாண்டை வாங்கி டேப் சுற்றி இறுக்குவது கூடவே கூடாது. மரை குறைந்தது ஐந்து சுற்று பிடிக்க வேண்டும். இரண்டு நுழைவு உள்ள ஃபிட்டிங்கில் ஒன்றைப் பயன்படுத்தாவிட்டால் அதில் சான்று பெற்ற உலோக அடைப்பான் போட வேண்டும். கடையில் விளக்கோடு வரும் பிளாஸ்டிக் மூடி போக்குவரத்தில் தூசி போகாமல் இருக்க மட்டுமே. அதை அப்படியே விட்டுவிட்டுப் போன ஃபிட்டிங்குகளை எத்தனையோ கூடங்களில் பார்க்கலாம்.

மூடியின் போல்ட்டுகள் அத்தனையும் இருக்க வேண்டும், அத்தனையும் இறுக வேண்டும். எட்டில் ஏழு போதும் என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒன்று விட்டுப்போனால் அந்த இடத்தில் இடுக்கு விரிந்து தீ வெளியே பாயும். அதே காரணத்தால் இடுக்கின் முகப்பில் பெயின்ட் அடிக்கக் கூடாது, சிலிக்கான் பசை பூசக் கூடாது, உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக் கூடாது. உற்பத்தியாளர் சொன்ன, இறுகிப்போகாத கிரீஸை மெல்லிசாகத் தடவலாம். ஃபிளாஞ்ச் வகை (தட்டையான விளிம்பும் விளிம்பும் சேரும்) மூடி என்றால் அந்த இடுக்குக்கு எதிரே சுவரோ பைப்போ கிட்டே இருக்கக் கூடாது: ஐஐஏவுக்கு 10, ஐஐபிக்கு 30, ஐஐசிக்கு 40 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

எர்த் இணைப்பு உள்ளேயும் வெளியேயும். சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச் ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். பேனலில் அதற்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஏணி வைத்து எட்டக்கூடிய இடமாகப் பாருங்கள். துடைக்க முடியாத இடத்தில் மாட்டிய விளக்கு தூசி மெத்தையோடுதான் காலம் தள்ளும்.

கையில் எடுத்துப் போகும் விளக்கு

இதற்கு எண் போடவில்லை, எந்தப் படியிலும் குறுக்கே வரும் விஷயம் என்பதால்.

தொட்டிக்குள், குழிக்குள், பாய்லர் புகைவழிக்குள் கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றும், எரியும் வாயு இருக்கக்கூடும் என்றால் எஃப்எல்பி கட்டமைப்பு உள்ள விளக்கைத் தவிர வேறெதையும் அனுமதிக்கக் கூடாது என்றும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவு சொன்னது. இரண்டும் தனித்தனி விதிகள். 24 வோல்ட் என்பது ஆளுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க. அது பொறியைத் தடுக்காது. லாரி பேட்டரி வெறும் 12 வோல்ட்தான், அதன் முனையில் ஸ்பேனர் பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டி, ஜவ்வரிசி ஆலையின் பயோகேஸ் குழி, செப்டிக் டேங்க் இவற்றில் எட்டிப் பார்க்கச் செல்போன் டார்ச்சை அடிப்பது இன்று எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அங்கே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். வெடிக்காவிட்டாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளை மயக்கிக் கொன்றுவிடும், அதனால் கேஸ் மீட்டர் வைத்து அளக்காமல் தலையை உள்ளே நீட்டவே கூடாது. சான்று பெற்ற டார்ச் ஒன்றை வாங்கி, கேட் அருகே பூட்டிய பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அதன் பேட்டரியை மண்டலத்துக்குள் நின்று மாற்றக் கூடாது. லேபிளில் சொன்ன பேட்டரி தவிர வேறு போடவும் கூடாது.

கரண்ட் போனால் எரியும் பிளாஸ்டிக் எமர்ஜென்சி லைட்டுக்கும் இதே தடை. ஆயுத பூஜை அன்று சால்வென்ட் ரூமிலும் ஸ்டார்ச் ரூமிலும் சீரியல் பல்பு மாட்டுவது, சூடம் ஏற்றுவது வேண்டாம். வாசலில் படம் வைத்து, பொட்டும் மாலையும் மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆறாம் படி: பார்த்துக்கொள்வது

மாட்டி முடித்ததும் ஒரு ரெஜிஸ்டர் தொடங்குங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எண், இடம், மண்டலம், லேபிளில் இருக்கும் முழுக் குறி, சான்றிதழ் எண், மாட்டிய தேதி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து ஆய்வுக்கு வரும்போதும் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பீர்கள்.

முறையான ஆய்வுகளுக்கு நடுவே மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது நிர்ணயம். கைவிளக்கு போன்ற நகரும் கருவிகளுக்கு ஒரு வருடம். நம் ஊர்த் தூசிக்கும் வெயிலுக்கும் கண்ணால் பார்க்கும் சோதனையை மாதாமாதம் வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிட வேலைதான். கண்ணாடியில் கீறல், விட்டுப்போன போல்ட், தளர்ந்த கிளாண்டு, துரு, உள்ளே தண்ணீர், அழிந்துபோன லேபிள் ஆகியவற்றைப் பாருங்கள்.

தூசியைக் கம்ப்ரஸ்டு ஏர் ஹோஸ் வைத்து ஊதித் தள்ளும் பழக்கம் நம் மில்களில் ஆழமாக வேரூன்றியது. படிந்து கிடக்கும் தூசியை நாமே மேகமாக்கும் வேலை அது. தூசி வகைக்குச் சான்று பெற்ற வேக்கம் வைத்து உறிஞ்சுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் கவசம் உள்ள விளக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும், அதனால் ஈரத்துணிதான். அலுமினியப் பொடி இருக்கும் பட்டறையில் மட்டும் கவனம், அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் விடும். அங்கே சுத்தம் செய்யும் முறையைத் தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, பேனலில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சில ஃபிட்டிங்கில் எழுதியிருக்கும், அத்தனை நிமிடமும் காத்திருங்கள்.

பழைய மெர்க்குரி வேப்பர் வெல்கிளாஸில் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பை மாட்டினால் கரண்ட் மிச்சம் என்று பலர் செய்கிறார்கள். சான்றிதழில் எழுதியிராத பல்பும் அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் சர்க்யூட்டும் உள்ளே போன அந்த நொடியே சான்றிதழ் செல்லாது. கண்ணாடி உடைந்தால் அதே உற்பத்தியாளரின் அதே உதிரி பாகம். பட்டறையில் வெட்டி அரல்டைட் வைத்து ஒட்டிய கண்ணாடி வெடிப்பைத் தாங்காது. எல்இடிக்கு மாறுவது நல்ல யோசனைதான், சூடும் குறையும். சான்று பெற்ற முழு ஃபிட்டிங்காக மாற்றுங்கள்.

எரிவாயு வாடை வந்தால் என்ன செய்வது என்பதை ராத்திரி ஷிப்டில் வரும் எல்லோருக்கும், வெளி மாநிலத்திலிருந்து வந்திருக்கும் தம்பிகளுக்கும் அவர்கள் மொழியில் சொல்லி வையுங்கள்: எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எல்லோரும் வெளியே போய், தூரத்தில் இருக்கும் மெயின் பேனலில் துண்டிக்க வேண்டும்.

கழற்றிய பழைய ஃபிட்டிங்கை இரும்புக் கடைக்குப் போடும்போது லேபிளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கண்ணாடியை உடைத்துவிட்டுப் போடுங்கள். பெயின்ட் அடித்து இன்னொரு யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், லேபிள் இருப்பதைப் பார்த்து அங்கே ஒருவர் நம்பி வாங்கிவிடுவார். பெயர்த்த லேபிளை ரெஜிஸ்டரில் அந்த விளக்கின் பக்கத்தில் ஒட்டி, கழற்றிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.